கூடையில் அடித்த ஈயம்

எங்கள் கம்பெனியின் ஆபீஸ் சுவரில் ஓர் அலுமினிய அன்னக்கூடை தொங்குகிறது. மீன் விற்கும் பெண்கள் தலையில் சுமந்து போகிற, வாய் அகன்ற கூடை. அதற்கு மேலே சின்ன விளக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் அது என்ன என்று கேட்பார்கள். “எங்க வாப்பா வாங்குன முதல் சாமான்” என்பார் சின்ன முதலாளி. அது என் அம்மாவின் கூடை. அவருக்கும் அது தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

இந்த வருடம் கம்பெனியின் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட்டார்கள். ரொம்ப நாளாக இருக்கிறவன் என்று என்னையும் நினைவில் இருப்பதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஆறு வரி எடுத்துக்கொண்டார்கள். அந்த நாலு பக்கத்திலும் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய முதலாளி வளைகுடாவில் கப்பல் உடைக்கும் யார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவர் குடும்பத்தில் முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை காரைக்காலிலிருந்து திரு.பட்டினம் போகிற சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய இரும்பு வாங்க உட்கார்ந்தது சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. “காயலாங்கடைக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று அவர் காதுபடவே பேசினார்களாம். அவர் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொல்வார்.

கொட்டகை திறந்த அன்று முதலில் உள்ளே வந்தது என் அம்மா. எங்கள் மீனவக் கிராமமான பட்டினச்சேரியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். தலையில் கிழிந்துபோன அன்னக்கூடை. எடை போட்டார். “இது எனக்கு முதல் போணிம்மா” என்றார். அம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

“இன்னும் என்னம்மா?”

“ஒரு வேலையும் குடுங்க. வீட்டுல ஒருத்தன் ஒக்காந்திருக்கான். கடலுக்கு அனுப்புனா வாந்தி எடுக்குறான். மீன் ஏலத்துல நிறுத்துனா வாயத் தொறக்க மாட்டேங்குறான்.”

“இரும்பு பேசாதும்மா. அவனும் பேச வேணாம். வரச் சொல்லுங்க.”

அப்படித்தான் நான் வேலைக்கு வந்தேன். முதல் போணி என்பதால் அந்தக் கூடையை அவர் உருக்கவில்லை. ஆணியடித்து மாட்டினார். அது மட்டுமல்லாமல், கரையிலிருந்து பெண்கள் கொண்டுவரும் கூடைகளைத் தட்டிப் பார்க்காமல், உரசிப் பார்க்காமல் முதல் தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். “கடலுக்குப் போயி வந்த சாமான். அதச் சோதிக்காதீங்க. அதுலதான் பரக்கத்தும் விருத்தியும்.” சட்டம் பட்டினச்சேரிக்கு மட்டும் இல்லை, காரைக்கால்மேட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர் சுவரில் மாட்டிய அந்தக் கூடையின் அடியில் இரண்டு இடத்தில் ஈயம் இருந்தது. அடித்தவன் நான்.

கரையில் எல்லாரும் செய்வதுதான். உப்பும் ஐஸும் பட்டு, சிமெண்டுத் தரையில் இழுபட்டு, கூடையின் அடி ஊசித்துளையாகத் திறக்கும். மீன் தண்ணீர் கழுத்தில் வடியும். அலுமினியத்துக்கு ஒட்டுப் போடக் காரைக்கால் வரை போக வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்? வலையின் ஓரத்தில் கனத்துக்காகக் கோக்கிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, ஓட்டையில் செருகி, கூடையைக் கல்லில் கவிழ்த்து, மேலும் கீழும் நாலு அடி அடித்தால் இரண்டு பக்கமும் தட்டையாக விரிந்து பிடித்துக்கொள்ளும். பிறகு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. இரண்டு மாதம் மீன் அழுக்கு ஏறிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. விரல் வைத்துத் தடவினால்தான் சின்ன மேடு தட்டும்.

கொட்டகை வளர்ந்தது. ஆரம்பத்தில் தரையில் பள்ளம் தோண்டி, தேங்காய்ச் சிரட்டைக் கரியில் அலுமினியம் காய்ச்சினோம். உருக்கி ஊற்றிய பாளங்களைக் கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்கள் வாங்கிப்போனார்கள். பிறகு எண்ணெயில் எரியும் உலை வந்தது. வண்டி இஞ்சின் மூடி, சைக்கிள் பாகம், ஜன்னல் சட்டம், எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்துக் காய்ச்சி, வாகன உதிரிபாகம் வார்க்கிற ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கினோம். கலப்பு உலோகக் கம்பெனி என்று போர்டு மாறியது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் லைசென்ஸிலும் பெயர் மாறியது. இஞ்சின் மூடியில் ஏற்கெனவே பல கலப்பு இருக்கும். அதைத் தணிக்கச் சுத்தமான அலுமினியம் வேண்டும். அதற்குக் கூடைதான். கூடை இல்லாத நாளில் உலைக்காரர் முகம் சுருங்கும்.

சுனாமி அலை வந்த வருடம் கரையெங்கும் படகு இஞ்சினும் பாத்திரமும் குவிந்து கிடந்தன. பெரிய முதலாளி நாற்பது நாள் கேட்டைப் பூட்டினார். கரைப்பக்கத்துச் சாமான் ஒரு துண்டுகூட உள்ளே வரக்கூடாது என்றார். வேறு ஊர் வியாபாரிகள் லாரி கொண்டுவந்து அள்ளிப்போனார்கள். அந்த நாற்பது நாளும் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார். இதை நான் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தில் வந்திருக்கிறது.

எண்ணெய் உலை வந்த புதிதில் ஒருநாள் பழைய உலைக்காரர் பாளத்தை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். வெள்ளை உடம்பில் சாம்பல் நிறப் புள்ளிகள். “எவனோ ஈயத்தப் போட்டுருக்கான். இத வார்த்தா வெடிச்சுப் போவும். எவன்டா அவன்?” என்று கத்தினார். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றோம். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. வாய் வரவில்லை. சொன்னால் கூடைகளைச் சோதிப்பார்கள். தரம் இறக்குவார்கள். பட்டினச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து பெண்கள் கேட்பார்கள். அம்மா அப்போது இருந்தாள், அக்காவும் மீன் விற்கத் தொடங்கியிருந்தாள். ஆபீசில் தொங்கும் கூடையும் நினைவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து அரைமணி முன்னதாக வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வந்து கிடக்கும் கூடைகளைக் கவிழ்த்து, விரலால் தடவி, மழுங்கிய சின்ன உளி ஒன்றை வைத்து ஒரு தட்டு. இடம் தெரிந்தால் ஒரே அடியில் ஈயம் தெறித்து விழும். பொறுக்கி ஈய டிரம்மில் போட்டுவிடுவேன். மற்றவர்கள் வரும்போது கூடைகள் அழுத்துமிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். பஸ் நேரம் அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள். பெரிய முதலாளி காலமானார், சின்ன முதலாளி வந்தார், உலைக்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. தினமும் குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். பதினைந்து நாள் குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்றார்கள். என் இடத்தில் தரம் பிரிக்க நெரவியிலிருந்து வரும் பெண்ணைப் போட்டார்கள். ஆறேழு வருடமாக எங்களிடம் வேலை பார்க்கிறவள். கைவேகம் அதிகம், வாய்வேகம் அதைவிட அதிகம். காந்தம் எங்கே வைக்க வேண்டும், அரத்தால் உரசினால் துத்தநாகம் எப்படித் தெரியும் என்றெல்லாம் அவளுக்குக் காட்டினேன். காட்டி முடித்ததும் சிரித்தாள்.

“ஏண்ணே, காதுலதான் ஈயத்தக் காய்ச்சி ஊத்துவாங்கன்னு கேட்டுருக்கேன். உங்களுக்கு வாயில ஊத்திட்டாங்களா? இவ்ளோத்தையும் கையக் காட்டியே சொல்லி முடிச்சிட்டீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் கூடையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கடைசி நாள் தனியாகச் சொல்லிக்கொள்வோம் என்று தள்ளிவைத்தேன். கடைசி நாள் அவளைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். சரி, பதினைந்து நாளில் எத்தனை கூடை வந்துவிடும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும்போதுதான் பெண்கள் பழைய கூடைகளைக் கழிப்பார்கள். வருடத்தில் எப்போதும் இல்லாத அளவுக்குக் கூடை வருவது அந்த நாட்களில்தான். கரையில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தபோது யார்டின் நடுவில் பாளங்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீசால் பெருக்கல் குறி. வாங்கிய ஆலை ஒரு லாரிச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தது. ஈயம் அதிகம் என்று சீட்டு. எங்களிடமும் பரிசோதனை மிஷின் இருக்கிறது, அதில் நல்ல சரக்கு என்றுதான் வந்ததாம். உலையின் மேற்பரப்பிலிருந்து கரண்டியால் எடுத்துத்தான் நாங்கள் சோதிப்போம். ஈயம் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் கடைசியாக ஊற்றிய பாளத்தை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

“அடுத்த லாரியும் இப்படிப் போனா ஆர்டரே கிடையாதாம்” என்றார் உலைக்காரர். “நெரவியம்மாவ நிறுத்திட்டாங்க. ஈயத்தப் பாத்துப் பிரிக்கத் தெரியாம உள்ள விட்டுருச்சுன்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்துட்டாரு. அது வேணும்னே போட்டுச்சுன்னுகூட ஒரு பேச்சு. எடைக்கு எடை கூடும்ல, விக்கிறவங்ககிட்ட காசு வாங்கியிருக்கும்னு.”

அழுத்துமிஷின் பக்கத்தில் அறுபது எழுபது கூடை அடுக்கியிருந்தது. மறுநாள் உலைக்குப் போகிற சரக்கு. எதையும் சொல்லாமல், பழையபடி விடிகாலை வந்து தட்டி எடுத்துவிட்டால் அடுத்த லாரி நல்லபடியாகப் போய்ச் சேரும். ஆர்டர் நிற்கும். கரைப்பெண்களுக்கும் தொந்தரவு இல்லை. எனக்கும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. நெரவிப் பெண்ணின் பெயர்மட்டும் கெட்டது கெட்டதுதான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆபீஸ் கதவு வரைக்கும் மூன்று தடவை போனேன். முதல் தடவை சின்ன முதலாளி போனில் இருந்தார். இரண்டாவது தடவை உள்ளே ஆட்கள். மூன்றாவது தடவை அவர் தனியாகத்தான் இருந்தார். “என்னண்ணே?” என்றார். “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மத்தியானம் நெரவிப் பெண் தன் சாப்பாட்டுத் தூக்கையும் கையுறையையும் எடுத்துப்போக வந்தாள். கேட்டுக்கு உள்ளே விடவில்லை. காவலாளி எடுத்துவந்து கொடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“கண்ணு நல்லா தெரியுதாண்ணே?”

“ம்.”

“அப்ப நல்லாப் பாருங்க. நான் போட்டேன்னு சொல்றாங்க. இந்தச் சரக்குல ஈயத்த நான் கண்ணால பாக்கவே இல்ல. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி ஒவ்வொண்ணா ஒரசிப் பாத்துத்தான் போட்டேன். கூடையத் தவிர. அதத்தான் பாக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே.” தூக்கைத் திறந்து மோந்து பார்த்தாள். “ரசம் ஊசிப் போச்சு” என்று கேட்டோரம் கொட்டினாள். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நான் நேராக ஆபீசுக்குப் போனேன். சின்ன முதலாளியும் சூப்பர்வைசரும் இருந்தார்கள். சொல்வதற்கு வழியில் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. செருப்போடு நாற்காலியில் ஏறிச் சுவரில் இருந்த கூடையைக் கழற்றினேன்.

“அண்ணே, அண்ணே! என்ன பண்றீங்க? அது வாப்பாவோட...”

மேஜைக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன். விரலால் தடவினேன். அத்தனை வருடத்துக்குப் பிறகும் இடம் மாறாமல் இருந்தது. சட்டைப்பையிலிருந்து உளியை எடுத்து வைத்து, கால்சட்டையில் செருகியிருந்த சுத்தியலால் ஒரு தட்டு. ஈயம் உள்ளே விழுந்து, கூடையோடு கிணுகிணுத்தது. கூடையை நிமிர்த்திக் காட்டினேன்.

“இதுதாங்க.”

“எதுதான்?”

“ஈயம். எல்லாக் கூடையிலயும் இருக்கும். வலைக்குண்டு. ஓட்டைக்கு அடிக்கிறது. தெனம் நான் வந்து தட்டி எடுத்துருவேன். பதினஞ்சு நாளு நான் இல்ல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

அந்த அறையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சூப்பர்வைசர்தான் முதலில் வாய் திறந்தார். “யோவ், ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? ஒரு லாரிச் சரக்குய்யா!”

சின்ன முதலாளி ஈயத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “எத்தன வருஷமா?”

“எண்ணெ உலை வந்ததுலேர்ந்துங்க.”

“வாப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

அப்படித்தான் சொன்னேன். ஆனால் பெரிய முதலாளி கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர். என் அம்மா கூடையை அவரே தராசில் வைத்தார். அவருக்கா தெரிந்திருக்காது என்று பின்னால் பலமுறை தோன்றியிருக்கிறது.

“இது யாரு அடிச்சது?” என்றார் சின்ன முதலாளி, கூடையைக் காட்டி.

“நான்தாங்க.”

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கூடையைத் தானே ஏறி மாட்டினார். ஓட்டை சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி மாட்டினார். “நாளைக்கு உலைய நிறுத்துங்க. கூடை எல்லாத்தையும் தட்டுங்க” என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். “அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க.”

மறுநாள் ஆறு பேர் உட்கார்ந்து தட்டினார்கள். இடம் தெரியாமல் கூடையெல்லாம் நசுங்கியது. திரும்பி வந்த பாளங்களை மெதுவாகக் காய்ச்சி, அடியில் தங்கியதை ஊற்றாமல் நிறுத்தி, தேறியதைப் புதுச் சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அடுத்த லாரி தேறியது. நெரவிப் பெண் வேலைக்கு வந்தாள்.

“வாயத் தொறந்துட்டீங்களாமே? அதான் நேத்து எங்க ஊருல மழ” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நாலு நாளு ஊருல என்னையத் திருடின்னு பேசுனாங்கண்ணே. அத எந்த உளிய வச்சுத் தட்டி எடுப்பீங்க?”

அவள் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேட்டில் போர்டு வைத்தார்கள். கூடைகளை விற்கிறவர் முன்னிலையில் சோதித்து, ஈயத்தை எடுத்த பிறகே எடை போடப்படும். சோதிக்கிற வேலை எனக்கு. பட்டினச்சேரியில் விஷயம் ஒரே நாளில் பரவியது. “ஊமை ஊரக் கெடுத்துட்டான்” என்று சொன்னார்களாம். பாதிப் பெண்கள் நாகூர்ப் பக்கம் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். என் அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

புத்தகமும் வந்தது. அட்டையில் கூடையின் படம். முன்பே எடுத்த படம், ஓட்டை இல்லை. “கரையோர மக்களின் பொருளைச் சோதிக்காமல் வாங்கிய நம்பிக்கையே எங்கள் அஸ்திவாரம்” என்று கீழே போட்டிருக்கிறார்கள். எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா கேட்டுக்கு வந்தாள். தலையில் கூடை. எதிரில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கூடையை இறக்கி என் முன்னால் கவிழ்த்துப் போட்டாள்.

“சோதிங்க சார்” என்றாள்.

நான் உளியை எடுத்தேன். கை வரவில்லை. அவள் அடித்த ஈயம். எந்த இடம் என்று பார்க்காமலேயே தெரியும், அவளுக்கும் அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

“குடு இங்க.” உளியையும் சுத்தியலையும் பிடுங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஐந்து அடி, ஐந்தும் சரியாக விழுந்தன. ஒரு நசுங்கல் இல்லை. கூடையைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். அடியில் ஐந்து வெளிச்சப் புள்ளிகள்.

“இப்ப சுத்தமா? போடு எடைய.”

போட்டேன். அவள் காசை எண்ணவில்லை, இடுப்பில் செருகினாள். நான் தரையில் கிடந்த ஈயத்தைப் பொறுக்கி டிரம்மில் போடப் போனேன்.

“டேய், அத எங்க எடுத்துட்டுப் போற? கூடைக்குத்தானே எட போட்ட? ஈயம் என்னோடது.”

“எதுக்குக்கா?”

“எதுக்கா? புதுக் கூடையும் ஒழுவ ஆரம்பிச்சிருச்சு.”

கையை நீட்டினாள். ஐந்து ஈயத்தையும் அவள் கையில் போட்டேன். முந்தானையில் முடிந்துகொண்டு, “கண்ணுல மருந்து ஒழுங்கா போடுறியா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் திரு.பட்டினம் பக்கம் நடந்தாள்.

அந்தக் கூடையும் ஒருநாள் இங்கேதான் வரும். நான் உட்கார்ந்திருந்தால் தட்டி எடுப்பேன். இல்லாவிட்டால் நெரவிப் பெண் எடுப்பாள். அக்கா வந்துபோன மறுநாள் காலையில் நெரவிப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுத்தேன்.